‘வ’ வரிசையில் ஒரு பெயர்

ஜனவரி 8, புதன்

காஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். எனக்குத் தெரியும் என்று அனுப்பிவிட்டேன். அதன் பிறகு வெகுநேரம் அதோடு போராடினேன். ஒருவழியாக மாட்டியது.

அலுவலகத்தில் ‘ய’ வரிசை முடிந்தது. இனி பெரிய வரிசை என்றால் ‘வ’ ஒன்றுதான். சித்திரைக்குள் எங்கள் வட்டாரச் சொல்லகராதி அச்சுக்குப் போய்விடும் என்று பதிப்பாசிரியர் ஞானசிகாமணி சார் நம்புகிறார். அவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், நம்புவதற்கு நேரம் இருக்கிறது. துணைப் பதிப்பாசிரியரான எனக்கு மெய்ப்புத் திருத்தவே நேரம் போதவில்லை.

மதியம் அறக்கட்டளைச் செயலாளர் தாணுமூர்த்தி வந்தார். பாளையங்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அகராதி வெளிவந்ததும் கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையோடு அதையும் கொடுக்கலாம் என்பது அவருடைய திட்டம். ‘ம’ வரிசைப் பக்கங்களை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். மலடி, முண்டை இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டுக் கொண்டுவந்தார்.

“மேடம், இதைப் பிள்ளைங்க பொரட்டிப் பாக்கும்லா?”

“பார்க்கட்டும் சார்.”

“என்ன அர்த்தம்னு கேக்கும்.”

“கேட்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே போட்டிருக்கோம்.”

“பட்டப்பேரு வேற பின்னிணைப்பா வருதாமே. ஒட்டடைக்குச்சி, கோணவாய்ன்னு. மனுசனை மனுசன் ஏசுறதெல்லாம் எதுக்கு ஒரு புத்தகத்துல?”

வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். மலடியை நீக்கினால் அந்தப் பக்கத்தில் மூன்று வரி மிச்சமாகும். தெருவில் ஒருத்தியை அப்படி அழைக்கிறவன் அழைத்துக்கொண்டுதான் இருப்பான். நாளைக்கு ஒருத்தி, என்னை இன்ன சொல்லால் ஏசினார்கள் என்று சொல்லும்போது, அது ஏச்சுதான் என்பதற்கு ஒரு புத்தகமாவது சாட்சி சொல்ல வேண்டும். சொல்லுக்கு முன்னால் ‘வசை’ என்று குறி போட்டிருக்கிறோம், அது போதும். தாணுமூர்த்தி தலையை ஆட்டிவிட்டு, ஒப்புக்கொள்ளாமல், காபி குடித்துவிட்டுப் போனார்.

நன்றாகத்தான் பேசினேன் என்று சார் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.


ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு மரியசூசை வந்தார். ஊர் ஊராகப் போய்ச் சொல் சேகரிப்பவர் அவர்தான். இதற்கு முன் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக இருந்தார். டாக்டர்களிடம் காத்திருந்த பழக்கத்தில் யாரிடமும் பொறுமையாக உட்காருவார். இந்த முறை தாழைக்குறிச்சியில் சேகரித்திருக்கிறார். ‘வ’வில் மட்டும் நாற்பது அட்டைகளுக்கு மேல்.

வக்கணை, வங்கு, வடிப்பம் எல்லாம் சரி. அடுத்தது இது:

வடிவு: எல்லாம் தயாராகி, கடைசியில் ஆகாமல் போனது. ‘ஆகு’, ‘ஆக்கு’ ஆகிய வினைகளோடு வரும். கேலி.

அழகு என்ற பொருளில் வடிவு ஏற்கெனவே இருக்கிறது. இது இரண்டாவது வடிவு.

ஆதாரம் போதாது என்று எழுதித் திருப்பினேன்.

தாழைக்குறிச்சி நான் பிறந்த ஊர். என் முழுப் பெயர் சண்முகவடிவு. அலுவலகத்தில் எஸ்.வி. மேடம் என்பார்கள். இவற்றுக்கும் அந்த அட்டையைத் திருப்பியதற்கும் தொடர்பு இல்லை. ஒரே ஒருவர் சொன்ன சொல்லை நாங்கள் ஏற்பதில்லை.


ஜனவரி 21, செவ்வாய்

பால் திரிந்துவிட்டது. வேறு வாங்கினேன்.


ஜனவரி 27, திங்கள்

சூசை ஆதாரங்களோடு வந்துவிட்டார். மறுபடி அந்த ஊருக்குப் போயிருக்கிறார். இவ்வளவு சுறுசுறுப்பை வேறு சொற்களுக்கும் காட்டலாம்.

கைபேசியில் பதிவு செய்தவற்றைப் போட்டுக் காட்டினார். ஒரு கொத்தனார்: “பஞ்சாயத்து ஆபீசு மாடி வடிவாயிட்டு.” ஒரு பஸ் டிரைவர்: “புது ரூட்டு விடுதோம்னு சொல்லி வடிவாக்கிட்டானுவ.” ஒரு பெரியவர் தன் முழங்கால் ஆப்பரேஷனைப் பற்றிச் சொன்னார். டாக்டர் அன்றைக்கு லீவாம்.

“இந்தச் சொல் எப்படி வந்ததுன்னு கேட்டீங்களா?” என்றேன்.

“கேட்டேன் மேடம். வடிவுன்னு ஒரு பொண்ணாம். முப்பது, நாப்பது வருசம் இருக்கும். தாலி கட்டப்போற நேரத்துல மாப்பிள்ளை வரல்லியாம். அந்தப் பொண்ணு கெணத்துல விழுந்து செத்துப்போச்சாம்.”

“எந்தக் கிணறு?”

“அது கேக்கல்ல.”

“கேட்டிருக்கணும்.”

“இன்னொருத்தரு ரயில்னு சொல்லுதாரு மேடம். ஒரு அம்மா மட்டும், சாகல்ல, புத்தி பேதலிச்சு எங்கயோ திரியுதுன்னு சொன்னாவ.”

மூன்றையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். தகவல்களுக்குள் முரண்பாடு இருப்பதால் சொற்பிறப்பு ஐயத்துக்குரியது என்று எழுதி அட்டையை இரண்டாம் முறை திருப்பினேன்.

நடந்தது இவ்வளவுதான். எனக்கு இருபத்திரண்டு வயது. ஆவணி மாதம். மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடியிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை நண்பர்களோடு பின்னால் காரில் வருகிறார் என்றார்கள். காரும் வந்தது. நண்பர்கள் இறங்கினார்கள். வழியில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் அவர் திரும்ப ஏறவில்லை என்றார்கள். நான் மணவறையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் தோன்றாததால் மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்த மாதம் அப்பா வீட்டை விற்றுவிட்டார். பாளையங்கோட்டைக்கு வந்தோம். நான் எம்.ஏ. சேர்ந்தேன். அதன்பிறகு தாழைக்குறிச்சிக்குப் போக வேண்டிய வேலை எதுவும் வரவில்லை.

அவர் பெயர் கணபதிசுப்பு. அந்தப் பெயருக்கு ஊரில் இன்றுவரை எந்தப் பொருளும் உண்டாகவில்லை என்பதை இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.


ஜனவரி 29, புதன்

சர்க்கரை கூடியிருக்கிறது. டாக்டர் ஏதாவது கவலையா என்று கேட்டார். ‘வ’ வரிசை என்றேன்.


பிப்ரவரி 3, திங்கள்

தாணுமூர்த்தி கடிதமே கொடுத்துவிட்டார். வசைச் சொற்களையும் பட்டப்பெயர்களையும் முழுவதுமாக நீக்க வேண்டும், இல்லாவிட்டால் அறங்காவலர் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும் என்கிறார். கூட்டம் இருபதாம் தேதி.

ஞானசிகாமணி சார் என்னை அழைத்து, கூட்டத்தில் நம் பக்கத்தை நீங்களே பேசுங்கள் என்றார். சரி என்றேன். பிறகு அவர் மேஜையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். இரண்டு முறை நான் திருப்பிய குறிப்போடு, சூசை மூன்றாவது முறையாக நேரே அவரிடம் கொடுத்திருக்கிறார்.

“எஸ்.வி., விதவையை ஏசுற அறுதலியை நீங்க ரெண்டு ஆதாரத்தோட ஏத்துக்கிட்டீங்க. இதுக்கு எட்டு இருக்கு.”

“சொற்பிறப்புல ஐயம் இருக்கு சார்.”

“சொற்பிறப்பு தெரியாத சொல்லு நம்மகிட்ட ஆயிரம் இருக்குமே. சொற்பிறப்பு தெரியவில்லைன்னு போட்டுட்டுப் போறோம். இதுக்கு மட்டும் என்ன?”

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்தபிறகும் துடைத்தார். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அல்லது என் பெயரை முழுதாக ஒருமுறை வாசித்துப் பார்த்திருக்கிறார்.

“இன்னொரு தடவை பார்க்கிறேன்” என்று அட்டையை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஆதாரங்களில் குறை இல்லை. எல்லா முறைப்படியும் இது அகராதிக்குள் வர வேண்டிய சொல். தாணுமூர்த்தி செய்வதைத்தான் நானும் செய்துகொண்டிருக்கிறேன். அவர் பென்சிலால் செய்கிறார், நான் பேனாவால் செய்கிறேன்.

மோட்டாரை அணைக்க மறந்து தொட்டி நிரம்பி வழிந்தது. கீழ்வீட்டார் சத்தம் போட்டார்கள்.


பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பதினோரு மணி வாக்கில் ஓர் அம்மா படியேறி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் தூக்குவாளி. மூச்சு வாங்கியது. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

“சூசைன்னு ஒருத்தரு இங்கதான வேலை பாக்காரு?”

சூசை விக்கிரமசிங்கபுரம் போயிருந்தார். நான்தான் துணைப் பதிப்பாசிரியர், என்ன விஷயம் என்று கேட்டேன்.

“நான் தாழைக்குறிச்சி. பேச்சியம்மா. பஸ் ஸ்டாண்டுகிட்ட இட்லிக்கடை போட்டிருக்கேன். அந்தாளு எங்கடையில வந்து அஞ்சாறு நாளு சாப்பிட்டாரு. போனை மேசையில வச்சிட்டே இருப்பாரு. நல்ல மனுசன்னு நெனச்சேன். இப்போ எம்மவ பேரு புத்தகத்துல வருதுங்காவ. வருதா?”

எந்தச் சொல் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அட்டைக்கட்டை எடுத்தேன். எட்டு ஆதாரங்களில் ஏழைத்தான் நான் கேட்டிருந்தேன். எட்டாவது சூசை பிறகு எழுதிச் சேர்த்தது, அதை எண்ணினேனே தவிர வாசித்திருக்கவில்லை. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வாசிக்காமல் இருந்திருக்கலாம்.

‘பேச்சியம்மா மவ இசக்கிப்பிரியாவும் வடிவாயிட்டா.’

அவள் இப்போது உட்கார்ந்தாள். தூக்குவாளியைக் கால்மாட்டில் வைத்தாள்.

மகளுக்குக் கல்யாணம் முடிவாகிப் பத்திரிகையும் அடித்துக் கொடுத்தாயிற்றாம். கார்த்திகையில், கல்யாணத்துக்கு முந்திய வாரம், மாப்பிள்ளைக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பெண் இங்கே பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறாள். காலையில் ஊர் பஸ்ஸில் வருவாள். பஸ்ஸில் யாரோ அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நாளும் சொல்லியிருக்கிறார்கள். மாதக் கணக்காக அவள் வேலைக்கு வரவில்லை. ஸ்கேன் சென்டர்காரர்கள் நல்லவர்கள், இடத்தை வைத்திருக்கிறார்கள்.

“அவ பேரை எடுத்துருதேன்” என்றேன். “அது தப்பு. எடுத்தாச்சுன்னு வச்சுக்கோங்க.” அவள் கண்ணெதிரே அந்த வரியை அடித்தேன்.

“பேரை எடுத்தாப் போதுமா? அந்த வார்த்தை இருக்கும்லா?”

“அது ஊர்ல இருக்கிற வார்த்தை. நாங்க உண்டாக்கல. நாங்க போடாட்டாலும் சொல்லத்தான் செய்வாங்க.”

“சொல்லட்டும். சொல்லுதவன் ஒருநாள் செத்துப்போவான். அதோட போயிரும். நீங்க புத்தகத்துல போட்டா போவுமா? நாளைக்கு எம் பேத்தி வாசிக்கும்.”

என்னிடம் பதில் இருந்தது. தாணுமூர்த்தியிடம் எத்தனையோ முறை சொன்ன அதே பதில். அதைச் சொல்லாமல் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

“உங்க வீட்டுப் பொண்ணு பேருன்னா போடுவியளா?” என்றாள்.

“அது என் பேருதான்.”

சொன்னபிறகுதான் சொன்னது தெரிந்தது.

“நான் சண்முகவடிவு. மேலத்தெரு, கமிஷன்கடை நமசிவாயம் மகள்.”

பேச்சியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“நான் அந்தக் கல்யாணத்துல சாப்பிட்டிருக்கேன்” என்றாள்.

நான் அட்டைக்கட்டை மேஜையில் வைத்தேன்.

“சின்னப்பிள்ளை. எங்கய்யா கூட்டிட்டு வந்தாவ. மாப்பிள்ளை வரல்லன்னு சொன்னதும் எல்லாரும் எந்திரிச்சாவ. உங்கப்பாதான் கையைப் பிடிச்சுப் பிடிச்சு, ஆக்குனது வீணாப் போவக்கூடாது, சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொன்னாவ. ஒவ்வொரு இலையா வந்து வந்து சொன்னாவ.”

இது எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

“என்ன பாயசம்?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“பாசிப்பருப்பு.”

“நான் சாப்பிடல.”

“நல்லா இருந்துச்சு” என்றாள். பிறகு அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் தூக்குவாளியைத் திறந்து, மத்தியானத்துக்கென்று கொண்டுவந்த இட்லியில் நாலை எனக்கு எடுத்து வைத்தாள். இருவரும் அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மிளகாய்ப்பொடியில் எண்ணெய் கொஞ்சம் அதிகம்.

போகும்போது படியில் நின்று திரும்பினாள்.

“நீங்க கெணத்துல விழுந்துட்டதாத்தான் எல்லாரும் நெனச்சிட்டிருக்காவ.”

“தெரியும்.”

“எம்மவளும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்கா.” தூக்குவாளியைக் கை மாற்றினாள். “அதைத்தான் நான் பயந்துக்கிட்டிருக்கேன்.”


பிப்ரவரி 12, புதன்

சூசையிடம் பேசினேன். பேர் போட்டது தப்பு என்று உடனே ஒப்புக்கொண்டார். இனி யாருடைய பேரும் வராது, கேட்காமல் போனில் பதிவு செய்யவும் மாட்டேன் என்றார். பேச்சியம்மாளிடம் தானே போய்ச் சொல்வதாகவும் சொன்னார். “கடையில சேத்துக்குவாங்களா மேடம்?” என்று கேட்டார். தெரியாது என்றேன்.

வடிவு யார் என்பதையும் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்கள் என்றேன்.


பிப்ரவரி 16, ஞாயிறு

துணி ஊறவைத்திருந்தேன். வாசலில் மணி அடித்தது. பேச்சியம்மாளும் மகளும். அம்மா உள்ளே வரவில்லை. மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மகளை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இசக்கிப்பிரியாவுக்கு இருபத்துநாலு வயது. நல்ல உயரம். சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். புத்தக அலமாரி, மாத்திரை டப்பா, கொடியில் என் சேலை, சுவரில் கல்லூரிப் பிரிவுபசாரப் படம். ஒவ்வொன்றையும் சரிபார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அக்கா, அப்போ நீங்க கெணத்துல விழல்லியா?”

“இல்லம்மா. எம்.ஏ. படிச்சேன்.”

“ரயில்ல?”

“ரயில்ல போயிருக்கேன். ராமேஸ்வரம், மெட்ராஸ். டிக்கெட் எடுத்துத்தான்.”

அவள் சிரிக்கவில்லை. அதை மனதில் எங்கோ வைத்துக்கொள்வது தெரிந்தது.

“அப்புறம் கல்யாணம்?”

“கேட்டு வந்தாங்க, ரெண்டு மூணு இடம். எனக்கு வேண்டாம்னு தோணிச்சு. முதல்ல பயத்துல வேண்டாம்னேன். பிறகு நெஜமாவே வேண்டாம்னு ஆயிட்டு. எந்த வருஷத்துல மாறுச்சுன்னு தெரியல.”

காபி போட்டுக் கொடுத்தேன். அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

“அவரு ஏன் வரல்ல?” என்றாள்.

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் என்ன செய்தேன், என் ஜாதகத்தில் என்ன, எனக்கு என்ன குறை என்றுதான் கேட்டிருக்கிறார்கள். சிலர் கேட்காமலே தெரிந்துகொண்டார்கள்.

“தெரியாதும்மா” என்றேன். “அதை அவருகிட்டல்லா கேட்டிருக்கணும். யாரும் போய்க் கேக்கல.”

“எங்க வீட்டுலயும் கேக்கல.” காபியைக் குடித்தாள். “எல்லாரும் என்கிட்டதான் கேக்காவ. நீ போன்ல என்ன பேசுன, என்ன பேசுனன்னு.”

பிறகு அகராதியைப் பற்றிக் கேட்டாள். அவளுக்கு விளக்கினேன். ஒரு சொல்லுக்கு முன்னால் என்ன குறி போடுவோம், எங்கே வழங்குகிறது என்று எப்படிக் காட்டுவோம் என்றெல்லாம். உன் அம்மா வேண்டாம் என்கிறாள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

யோசித்தாள்.

“அம்மாவுக்கு இப்போ பாதி மனசு. எனக்கு... போடுங்கக்கா. ஆனா எப்படி வந்துச்சுன்னு சரியாப் போடுங்க. இப்போ எல்லாருக்கும் அந்த வார்த்தை தெரியும், நடந்தது தெரியாது. கெணறுன்னு நெனச்சிட்டு நானும் ஒரு நாளு...”

நிறுத்திவிட்டாள். அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி மேஜையில் வைத்தேன். கொஞ்ச நேரம் நான் அவள் கையை விடவில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். வேலை சரி, பஸ்தான் பயம் என்றாள்.

துணி மாலைவரை ஊறிக்கொண்டிருந்தது. நீலச் சேலையின் சாயம் வெள்ளையில் ஏறிவிட்டது.


பிப்ரவரி 20, வியாழன்

கூட்டம். அறங்காவலர்கள், தாணுமூர்த்தி, சார், நான். முந்திரிப் பகோடா வந்தது. நான் தொடவில்லை.

தாணுமூர்த்தி முதலில் பேசினார். ஒரு சொல் ஒரு வீட்டையே அழவைக்கும், அதை அச்சில் ஏற்றும் பாவம் நமக்கு வேண்டாம் என்றார். எப்போதும் இல்லாத அளவுக்கு நன்றாகவே பேசினார். அவர் சொன்னதில் பாதி இப்போது எனக்குச் சரியென்று படுகிறது. அதைக் கூட்டத்தில் சொன்னேன். அவருக்கே ஆச்சரியம்.

பிறகு வடிவு அட்டையை வாசித்தேன். இது யாருடைய பெயர் என்பதையும் சொன்னேன். நான் எதிர்பார்த்ததைவிட எளிதாக இருந்தது. விலாசம் சொல்வதுபோல் இருந்தது.

யாரும் பகோடாவை மெல்லவில்லை. தாணுமூர்த்தி எழுந்து கைகூப்பினார்.

“மேடம், எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. இதை இப்பவே எடுத்துருவோம். உங்க மரியாதையைவிடவா ஒரு வார்த்தை?”

அவர் மனம்விட்டுத்தான் சொன்னார். அதுதான் சிரமம்.

“எனக்காக எடுக்காதீங்க சார்” என்றேன். “மலடியும் யாரோ ஒருத்தியைத்தான் சொல்லுது. அவ இந்த ஆபீசுல வேலை பாக்கல, அவ்வளவுதான். என்னை எடுத்துட்டு அவளை மட்டும் எப்படி வைக்கிறது? நானும் ஒரு மாசமா அதைத்தான் செஞ்சிட்டிருந்தேன். வெக்கமா இருந்துச்சு.”

ஆனால் முன்பு சொன்னதை அப்படியே திரும்பச் சொல்லவில்லை. வசை என்று குறி போட்டால் போதும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், போதாது என்றேன். உயிரோடு இருக்கும் எவர் பேரும் எடுத்துக்காட்டில் வரக்கூடாது. ஓர் ஆளைக் குறிவைக்கும் பட்டப்பெயர்ப் பின்னிணைப்பு வேண்டாம், பொதுவழக்காகிப் போனவை மட்டும் உள்ளே வரட்டும். வசைச்சொல் ஒவ்வொன்றிலும், யார் யாரை எதற்காக ஏசுகிறார்கள் என்பதும் இருக்க வேண்டும். அகராதி வெளிவருவது ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

ஒரு வருடம் என்றதும் சார் இருமினார். ஆனால் கையை முதலில் தூக்கியவர் அவர்தான். தாணுமூர்த்தி தூக்கவில்லை. எனக்கு எதிராகவும் வாக்களிக்கவில்லை. கல்யாணத்துக்குக் கொடுக்க சிறுபதிப்பு ஒன்று தனியாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கடைசியில் கேட்டார். போட்டுக்கொள்ளலாம் என்றோம்.

சாயங்காலம் சூசையின் வரைவைத் திருத்தினேன். ‘மணமேடையில் கைவிடப்பட்ட வடிவு என்னும் பெண்ணின் பெயரிலிருந்து’ என்று எழுதியிருந்தார். எழுவாயை மாற்றினேன்.

வடிவு²: (வசை) எல்லா ஏற்பாடும் முடிந்தபின் நடக்காமல் போனது. ‘பாலம் வடிவாயிட்டு.’ தாழைக்குறிச்சி வட்டாரம். திருமணம் நின்றுபோன பெண்களை இழித்துரைக்கவும் ஆள்வர். [மாப்பிள்ளை ஒருவர் தம் திருமணத்துக்கு வராமல் போன நிகழ்ச்சியிலிருந்து. மணமகள் பெயர் வடிவு. அவர் இறந்தார் என்பது தவறான செய்தி.]

கடைசி வாக்கியம் அகராதி நடையில் இல்லை என்றார் சார். இல்லைதான் என்றேன்.


பிப்ரவரி 27, வியாழன்

தாழைக்குறிச்சியில் சில சொற்களைச் சரிபார்க்க வேண்டியிருப்பதாகச் சாரிடம் சொன்னேன். திங்கட்கிழமை காலை போவதாகச் சொன்னேன். எந்தச் சொற்கள் என்று அவர் கேட்கவில்லை.


மார்ச் 3, திங்கள்

முதல் பஸ்ஸில் தாழைக்குறிச்சி போனேன். மேலத்தெருப் பக்கம் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பேச்சியம்மாள் கடையில் இட்லி சாப்பிட்டேன். சூசையைச் சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்டேன். “வந்தாரு. போனை அணைச்சுக் கையில குடுத்துட்டுச் சாப்பிட்டாரு” என்றாள்.

இசக்கிப்பிரியா தலைநிறையப் பிச்சிப்பூ வைத்து, ஸ்கேன் சென்டர் நீலச்சேலையில் வந்தாள். அதே பஸ்ஸில் திரும்ப ஏறினோம். நான் அலுவலக வேலையாக வந்தவள் என்பதால் வேறு இருக்கையில் உட்கார்ந்தேன். அவளுக்கு நேர் பின்னால்.

வாய்க்கால் பாலம் தாண்டியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. முப்பது வயது இருக்கும். சட்டைப்பையில் கூலிங்கிளாஸ்.

“ஏல, இன்னைக்கு நம்ம வடிவு வண்டி ஏறிட்டுல்லா.”

பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். முன்னால் இருந்த கழுத்து விறைத்தது.

நான் கைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனேன். என் முழங்காலுக்கு அது பெரிய பயணம்.

“தம்பி, நான் அகராதி ஆபீசுல இருந்து வாரேன். இப்போ ஒரு சொல்லு சொன்னீங்களே, அதை இந்தப் போன்ல இன்னொருக்கா சொல்லுங்க.”

“என்ன சொல்லு?”

“வடிவு.”

“சும்மா பேசிட்டிருந்தோம்க்கா.”

“சும்மா பேசுறதுதான் எங்களுக்கு வேணும். எந்தப் பொருள்ல சொன்னீங்க? எல்லாம் தயாராகி நடக்காமப் போனதுன்னு அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஆனா அந்தப் பொண்ணு பஸ் ஏறிட்டான்னு நீங்களே சொல்லுதீங்க. ஏறிட்டா அது நடந்ததுல்லா. அப்போ பொருந்தலையே. வேற அர்த்தம் ஏதும் இருக்கா?”

அவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

“பேரு சொல்லுங்க. வயசு, படிப்பு. சொன்னவங்க விவரம் எழுதிக்கிடணும்.”

“எம் பேரு எதுக்கு?”

“அவ பேரு மட்டும் எதுக்கு?”

பஸ்ஸில் எல்லாரும் திரும்பியிருந்தார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார்.

“நீங்க யாரு?” என்றான் அவன்.

“சண்முகவடிவு. ஊரு தாழைக்குறிச்சி. வடிவுன்னு கூப்பிடுவாங்க.”

வயதான ஓர் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அவன் கம்பியைப் பிடித்து எழுந்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். அவன் எடுத்த டிக்கெட் வண்ணார்பேட்டை வரை என்று கண்டக்டர் எனக்குச் சொன்னார்.

நான் திரும்பி வந்து இசக்கிப்பிரியாவின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

“அக்கா, ரெக்கார்டு ஆச்சா?”

பார்த்தேன். கால்குலேட்டர் திறந்திருந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தவில்லை. பூ உதிர உதிரச் சிரித்தாள். முன்னால் இருந்தவர்களுக்கு என்ன என்று தெரியவில்லை, ஆனாலும் சிரித்தார்கள். எனக்கும் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் அவளோடு இறங்கி ஸ்கேன் சென்டர்வரை நடந்தேன். அவள் உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தலைமுடியைச் சரிசெய்தாள். முதலில் வந்த பெரியவரை நிமிர்ந்து பார்த்துப் பேனாவை எடுத்தாள். உங்க பேரு என்ன என்று அவள் கேட்பது உதட்டில் தெரிந்தது.